குழு வருகிற வாரம்

வியாழக்கிழமை குழு வருகிறது என்று
செவ்வாய் இரவே ஆற்றுக்குத் தெரிந்துவிட்டது.
குழாய் மூடிக்கிடந்தது.

பதினோரு மாதம் ஓயாமல் ஆவி விட்ட வாய்.
முழங்கால்வரை இறங்கி நின்று, சுடுது சார், என்றால்
வெயில்மா, என்று ஆள் வைத்துப் பதில் சொன்ன வாய்.

புதன் விடியலில் சம்பங்கி கையை விட்டுப் பார்த்தான்.
"சில்லுனு கீதுடா."
சந்தோஷம் இல்லை அந்தக் குரலில்.
பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குள்
விளக்கு எரிவதைப் பார்த்தவன் குரல்.

சாம்பல் அடியில் அப்படியேதான் இருந்தது.
ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் கம்பு ஊன்றினால்
சேறு இல்லை, சிமெண்டு மாதிரி மாவு.
அதன்மேல் காக்கா ஆழி,
ஒன்றின் முதுகில் ஒன்று, யாரும் விதைக்காத விளைச்சல்.
இறால் படுக்க இடமில்லை.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையால் துழாவும் தனபாக்கியத்துக்கு
எட்டு விரலில் பிளாஸ்திரி.

இருந்தும் வந்தன.
மதிய ஏற்றத்தில், முகத்துவாரம் தாண்டி,
முதலில் மடவைக் குஞ்சுகள், ஊசி ஊசியாக,
மிச்சமிருக்கும் பதினாறு கண்டல் மரங்களின் காலடிக்கு.
பின்னாலேயே பெரியவை.
பொளக். பொளக்.
கரையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.
கிழங்கான்கூட இரண்டு, சம்பங்கி சத்தியம் செய்தான்.

மீனுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை.
தண்ணீர் ஆறினால் வரும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றிரவு ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கூட்டம்.
வலை போட்டால் எழுதுவார்கள்: மீன் உண்டு.
போடாவிட்டால் எழுதுவார்கள்:
மீனவர் தொழிலுக்குப் போவதில்லை.
விடிய விடியப் பேசினோம்.
நாளைக்குப் பாடு யாருது? என்று யாரோ கேட்டார்கள்.
எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.
இவர் என்னைப் பார்த்தார்.
நான் நகைக்கடை ரசீதை நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேர் வந்தார்கள், ஆரஞ்சு ஜாக்கெட்டில்.
மேடம் நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்.
பாட்டிலில் தண்ணீர் பிடித்தார், சூடு பார்த்தார்,
இருபத்தொன்பது, என்று சொல்ல
பக்கத்தில் இருந்தவர் எழுதினார்.
அந்த நேரம் பார்த்து ஒரு மடவை
படகைத் தாண்டிக் குதித்தது.
மேடம் குழந்தை மாதிரி சிரித்தார். போட்டோ எடுத்தார்.

திங்கட்கிழமை வாங்க மேடம், என்றேன்.
புரோகிராம்ல இல்லையேம்மா, என்றார்.
பொய் இல்லை. கையிலிருந்த தாளைக் காட்டினார்.

இவர் வலையை வீசினார்.
வட்டம் எத்தனை அழகாக விரிந்தது.
எட்டு மாதமாக மறந்துபோன கை என்று நினைத்திருந்தேன்.
முப்பத்தியெட்டு கிலோ.
காசிமேட்டு வியாபாரி வாசலுக்கே வந்து எடுத்துப்போனான்.
வளையல் வீட்டுக்கு வந்தது.
அன்று சாப்பிட்ட குழம்பு ருசியாக இருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி இரவு குழாய் திறந்தது.

சனிக்கிழமை கண்டல் வேர்களுக்குள்
வெள்ளை வெள்ளையாக மல்லாந்து கிடந்தன.
திரும்பிப்போக நேரம் இருந்தது அவற்றுக்கு.
தங்கிவிட்டன.
குஞ்சுகளை எண்ண முடியவில்லை,
அரிசி களைந்த தண்ணீர்போல மிதந்தன.
காகம்கூட ஒன்றைக் கொத்திவிட்டு விலகிப்போனது.

ஒன்றைக் கழுவி, பாலிதீன் பையில் கட்டி,
தேதி எழுதி ஒட்டி,
எங்கள் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
பையன் ஐஸ்கிரீம் தேடும்போதெல்லாம்
முறைக்குது அம்மா, என்கிறான்.

அடுத்த குழு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.
அதுவரை கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.
ராத்திரியில் எழுந்து ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்,
கல் மாதிரி இருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கியின் உச்சியில்
சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது.
அங்கிருந்துதான் வருகிறது கரண்ட்.